ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் ஓட்டை: செவன்ஸ் அணிக்கு ஆள் எடுக்க ஒரு வழிகாட்டி

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டிக்குப் பத்துப் பேர் பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதல் ஐந்து பெயர்களில் யாருக்கும் தகராறு இருக்காது. ஆறாவது பெயரிலிருந்துதான் டீக்கடை சூடாகும். ஒரு பக்கம், பேக் ஆட மட்டுமே தெரிந்த, ஆனால் அந்த இடத்தில் அசைக்க முடியாத ஒருவர். மறுபக்கம், பேக், ஹாஃப், விங் என்று எங்கே விட்டாலும் ஒப்பேற்றிவிடுகிற ஒருவர். கொடைரோடு, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை வட்டாரத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டாமவர் பக்கமே தராசு சாயும். "அவன் ஆல்ரவுண்டர்ப்பா, எங்க வேணா ஆடுவான்" என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச ஆளிருக்காது. நான் எதிர்த்துப் பேச வருகிறேன். பல இடம் ஆடுபவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை எத்தனையாவது ஆளாக எடுப்பது, யாரை நம்பி எடுப்பது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம்.

தவறின் வேர் அந்த 'ஆல்ரவுண்டர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அது கிரிக்கெட்டிலிருந்து வந்த சொல். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் பொருளை நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானமே கற்றுக்கொடுத்திருக்கிறது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, அணிகள் முறைவைத்து ஆளெடுக்கும் டிராஃப்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் எடுத்த ஆள் அஸ்வின். 2024-இல் அந்த அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது, பந்துவீச்சாளர் என்று உலகம் அறிந்த அதே அஸ்வின் மட்டையோடு மேல்வரிசையில் இறங்கி, லைக்கா கோவை கிங்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 52 ரன் அடித்தார். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு வேலை. பந்து வீசிய ஓவரும் கணக்கில் இருக்கிறது, அடித்த ரன்னும் கணக்கில் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்ததால் இன்னொரு வேலை கெடவில்லை. கிரிக்கெட் ஆல்ரவுண்டரின் மதிப்பு கூட்டல் கணக்கு.

கால்பந்தில் அந்தக் கூட்டல் கிடையாது. பேக்கும் ஹாஃபும் ஆடத் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் ஏதாவது ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். ஹாஃப் ஆடிக்கொண்டிருந்தவரைப் பின்னுக்கு இழுத்தால் பேக்கில் இருந்த ஓட்டை அடைபடும், ஆனால் ஹாஃபில் புதிதாக ஒன்று விழும். அங்கே யார் போவது? விங்கில் ஆடுபவரை இழுத்தால் விங் காலி. ஒருவர் அடிபட்டதற்கு மூன்று பேர் பழகாத இடத்தில் நிற்கும் அணியை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். ஆகவே பல இடம் ஆடுபவரின் மதிப்பு அவருடைய காலில் மட்டும் இல்லை. அவர் விட்டுப்போகும் இடத்துக்கு வரப்போகிறவரின் காலிலும் இருக்கிறது. அந்த இரண்டாமவர் பட்டியலில் இல்லையென்றால், முதலாமவருக்கு நான்கு இடம் தெரிந்தும் அணிக்கு ஓர் இடத்துக்கு மேல் பயனில்லை.

இதற்கு இந்தியக் கால்பந்திலேயே பெரிய சான்று உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜர்னைல் சிங் நம் அணியின் ஸ்டாப்பர், ஆசியாவிலேயே தலைசிறந்தவர்களில் ஒருவர். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1 என்று தங்கம் வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் ஜர்னைல் சிங்கின் துணிச்சலைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ரஹீமால் அந்தக் காயை நகர்த்த முடிந்தது எப்படி? ஸ்டாப்பர் இடத்தைப் பார்த்துக்கொள்ள அருண் கோஷ் இருந்தார். இறுதியில் கோல் போஸ்ட்டில் பீட்டர் தங்கராஜ் நின்றார். அருண் கோஷ் இல்லாத அணியில் ஜர்னைல் சிங் முன்னே போயிருந்தால் அது தந்திரம் இல்லை, சூதாட்டம். 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியும் இதையே செய்தது. நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த பிலிப் லாம், பிரான்சுக்கு எதிரான காலிறுதியில் தன் பழைய வலது பேக் இடத்துக்குத் திரும்பினார். ஷ்வைன்ஸ்டைகரும் கெதிராவும் சேர்ந்தே நடுக்களத்தில் இறங்க முடிந்ததால்தான் அவரை விடுவிக்க முடிந்தது.

சரி, எந்த வரிசையில் எடுப்பது? இதற்கு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் நடத்திய டிராஃப்டைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதில் பண விளையாட்டு இல்லை. 2017 ஜூலையில் மும்பையில் நடந்தபோது ஒவ்வொரு வீரருக்கும் தொகை முன்பே முடிவாகியிருந்தது. கேள்வி, யாரை யாருக்கு முன்னால் எடுப்பது என்பதுதான். புதிய அணியான ஜம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது அனஸ் எடத்தொடிகாவை. அவர் ஸ்டாப்பர், வேறு வித்தை எதுவும் காட்டாதவர், தொகை 1.10 கோடி. சென்னையின் எஃப்.சி. டிராஃப்டுக்கு முன்பே கைவிடாமல் வைத்துக்கொண்ட இரண்டு மூத்த வீரர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்: கீப்பர் கரண்ஜித் சிங், ஃபார்வர்டு ஜெஜே லால்பெக்லுவா. இரண்டு முனைக்கும் முளை அடித்துவிட்டுத்தான் நடுவே கயிறு கட்டினார்கள். அந்தப் பருவத்தில் ஜெஜே 9 கோல் போட்டார். டிராஃப்டில் எடுத்த வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ் தடுப்பு ஹாஃபாகவே ஆடி, கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் போட்டார். 2018 மார்ச் 17, பெங்களூரில் இறுதிப் போட்டி. 3-2 என்று வென்றபோது இரண்டு கோல் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வஸின் தலையிலிருந்து வந்தவை. தடுப்பதும் தலையால் முட்டுவதும் ஸ்டாப்பரின் தொழில்தான். தன் வேலையையே எதிரணியின் கோல் முகத்தில் போய்ச் செய்தார், அவ்வளவுதான்.

நம் செவன்ஸ் அணிக்கு இதைக் கொண்டுவந்தால், முதலில் கீப்பர், அடுத்து ஸ்டாப்பர், அதன்பின் கோல் போடத் தெரிந்தவர் என்று மூன்று பெயரையும் அந்தந்த இடத்துக்கே உரியவர்களாக எழுதிவிட வேண்டும். நான்காவது பெயர் இடங்கால்காரர். இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். வலங்கால்காரரை இடப்பக்கம் நிறுத்தினால் பந்தை ஒரு தட்டு உள்ளே திருப்பித்தான் அடிப்பார். அகலம் குறைந்த செவன்ஸ் களத்தில் அந்த ஒரு தட்டுக்குள் எதிரணி ஆள் வந்து நின்றுவிடுவார். இந்த நான்கும் கிடைப்பது அரிது, அதனால்தான் முதலில் எடுக்கச் சொல்கிறேன். ஓடக்கூடிய, பந்தை நிறுத்தித் தட்டத் தெரிந்த நடுத்தர ஆட்டக்காரர் ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள். பல இடம் ஆடுபவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார், அவர் எங்கும் ஓடிப்போய்விட மாட்டார். வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் கூப்பிடப் பணம் ஒதுக்கியிருந்தாலும் இதே கணக்குதான். ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கீப்பருக்கோ ஸ்டாப்பருக்கோ கொடுங்கள். ரசிகர்கள் கைதட்டும் டிரிப்ளிங் ஆசாமியைக் கூப்பிட்டு, நம் பக்கம் ஓட்டையை வைத்துக்கொண்டு தோற்ற அணிகளுக்குக் கணக்கில்லை.

ஐந்தாவது பெயரிலிருந்து பல இடக்காரரின் காலம். அங்கும் எத்தனை இடம் ஆடுவார் என்று கேட்பது வீண். இரண்டாவது இடத்தில் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்று கேளுங்கள். நான்கு இடத்தில் சுமாராக ஆடுபவரைவிட, ஒன்றில் நன்றாகவும் இன்னொன்றில் கிட்டத்தட்ட அதே அளவும் ஆடுபவர் மேல். அந்த இரண்டாவது இடம் நம் அணியில் ஆள் குறைவான இடமாகவும் இருக்க வேண்டும். மூன்று ஹாஃப் இருக்கிற அணியில் "எனக்கு ஹாஃபும் தெரியும்" என்பவரால் என்ன லாபம்?

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானது. அது ஐ.எஸ்.எல்., இங்கே ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்பதே சனிக்கிழமை இரவுதான் தெரியும் என்பார்கள். பூ சீசனில் ஒருவர் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போயாக வேண்டும். இன்னொருவருக்கு நிலக்கோட்டை சிப்காட்டில் ஷிப்ட் மாறிவிடும். திருப்பூரில் வேலை பார்ப்பவர் ஊருக்கு வந்தால்தான் உண்டு. இப்படிப்பட்ட அணிக்குப் பல இடக்காரர் ஆடம்பரம் இல்லை, அவசியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவசியம் என்பதாலேயே கணக்கு இன்னும் கறாராக வேண்டும். பத்துப் பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை அடித்துவிட்டுப் பாருங்கள். அவர் இடத்துக்கு யார், அந்த யாருடைய இடத்துக்கு யார்? இரண்டு நகர்த்தலுக்குள் அணி சரியானால் பட்டியல் நன்று. மூன்றாவது நகர்த்தல் தேவைப்பட்டால் ஒரு பல இடக்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கே உரிய ஒருவரைச் சேருங்கள். பத்து நிமிட வேலை. செய்து பார்த்தால், எல்லாரும் நம்பியிருக்கும் அந்த 'எங்க வேணா ஆடுவான்' ஒரே ஆளாக மூன்று பேருக்கு மாற்றாக எழுதப்பட்டிருப்பது தெரியவரும். மூன்று பேரில் இருவர் ஒரே நாளில் வராமல் போனால்?

போட்டி நோட்டீஸில் மாற்று ஆட்டக்காரர் விதியையும் படித்துவிட வேண்டும். வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருந்தால் அந்தந்த இடத்து ஆட்களே போதும், பல இடக்காரரின் மதிப்பு இறங்கிவிடும். இரண்டு மாற்று மட்டும் என்றிருந்தால் ஏறும். உலகக் கோப்பையில் 1970-க்கு முன் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. அடிபட்டவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் இடம் மாறி ஆட வேண்டியிருந்த காலம் அது. அப்போது எல்லா இடமும் தெரிந்தவருக்குத் தங்க விலை. இப்போது பெரிய போட்டிகளில் ஐந்து மாற்று. கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்த விதி 2022-இல் நிரந்தரமாகிவிட்டது. கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்ததும் ஐ.பி.எல்.லில் ஆல்ரவுண்டருக்கு வேலை குறைகிறது என்று ரோஹித் சர்மாவே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். ஆளின் திறமை மாறவில்லை, விதி மாறியதும் விலை மாறிவிட்டது.

படித்த ரசிகர்கள் அடுத்ததாக 1974 ஹாலந்து அணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பயிற்சியாளர் ரைனஸ் மிஹெல்ஸின் அணியில் எல்லாரும் எல்லா இடமும் ஆடினார்களே என்பார்கள். ஆடினார்கள். நடுக்கள வீரரான ஆரி ஹான் அந்த உலகக் கோப்பையில் தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றார். காரணம் தத்துவம் மட்டும் அல்ல, வழக்கமான தடுப்பாளர் ஹுல்ஷாஃப் காயத்தில் இருந்தார். ஹான் பின்னே போனாலும் நடுக்களத்தில் நீஸ்கென்ஸ், வான் ஹானெகெம், யான்சன் என்று மூவர் இருந்தார்கள். அருண் கோஷ் கதையேதான், டச்சு மொழியில். தவிர, அந்த அணியில் பலர் அயாக்ஸ் கிளப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பழகியவர்கள். ஒருவர் இடம் விட்டு நகர்ந்தால் அடுத்தவரின் கால் தானாக அங்கே போகும். வாரத்துக்கு ஒரு மாலை கூடுகிற அணி அதைப் பார்த்து ஆடினால் ஒரே பந்துக்கு மூன்று பேர் ஓடுவார்கள்.

சின்னப் பையன்களுக்கு எல்லா இடமும் கற்றுக்கொடுக்கத்தானே வேண்டும் என்பதும் சரிதான். பீட்டர் தங்கராஜே முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடித்தான் பிறகு கீப்பரானார். பதினைந்து வயதுக்குள் யாருக்கு எந்த இடம் என்று முத்திரை குத்துவது தப்பு. ஆனால் பயிற்சி வேறு, ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வேறு.

என் வரிசையிலேயே ஒரு விலக்கு உண்டு. பத்துப் பேர் பட்டியலில் இரண்டாவது கீப்பருக்கு இடம் ஒதுக்க எந்த அணிக்கும் மனம் வராது. ஆகவே களத்தில் ஆடுகிற, அவசரத்துக்குக் கையுறை மாட்டவும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் அவரை நான்காவது பெயருக்கே உயர்த்தலாம், இடங்கால்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 2014 அக்டோபரில் டாட்டன்ஹாம் அணிக்கு யூரோபா லீக் ஆட்டமொன்றில் ஹாரி கேன் மூன்று கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் கீப்பர் லோரிஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாற்று ஆட்டக்காரர்களும் தீர்ந்திருந்ததால் கேனே போஸ்ட்டுக்குப் போனார். வந்த ஃப்ரீ கிக்கைப் பிடிக்கப் போய் கைநழுவ விட்டு கோல் வாங்கினார். அப்போது ஸ்கோர் 5-0. யாருக்கும் வலிக்கவில்லை. நம் செவன்ஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் 1-0-வில் ஓடுபவை. கீப்பருக்கு அட்டை விழுந்தால் கையுறையை யார் வாங்குவது என்பதை வண்டி ஏறுவதற்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.