இந்த மாதப் பாடம்: ஸ்டாம்பில் வந்த ஆல்தியா



கவரில் ஒட்டுகிற ஸ்டாம்பு சின்னக் காகிதம்தான். ஆனால் அதில் ஒரு பெண்ணின் படம் வந்தால், ஒரு நாடே அவரை மதிக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

2013 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்க அஞ்சல் துறை ஒரு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது. வெள்ளை உடை போட்ட ஒரு கறுப்பினப் பெண், நன்றாகக் குனிந்து, தாழ்வாக வரும் பந்தை அடிக்கிறார். அவர்தான் டென்னிஸ் வீராங்கனை ஆல்தியா கிப்சன். சாதனை செய்த கறுப்பின மக்களுக்காக 1978 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வெளியாகும் வரிசையில் இது 36-வது. தபால் கட்டணம் எவ்வளவு ஏறினாலும், கூடுதல் ஸ்டாம்பு ஒட்டாமலே சாதாரணக் கடிதத்துக்குச் செல்லும் வகை இது.

யார் இந்த ஆல்தியா?

1927-ல் தெற்கு கரோலினா மாநிலத்தில் பிறந்தார். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். பிழைப்புத் தேடி நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதிக்குக் குடும்பம் வந்தது. அங்கே தெருவிலே மரமட்டை வைத்து ஆடப் பழகினாள் சிறுமி. டென்னிஸ் கிளப்பில் சேர வசதி இல்லை. 1940-ல் அக்கம்பக்கத்து மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, கறுப்பின மக்களின் கிளப் ஒன்றில் சேர்த்துப் பயிற்சிக்கும் பணம் கட்டினார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

கதவு எப்படித் திறந்தது?

1947 முதல் 1956 வரை கறுப்பின மக்களின் டென்னிஸ் சங்கப் போட்டியில் தொடர்ந்து 10 முறை பெண்கள் பட்டம் வென்றார். ஆனாலும் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆட இடம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் வரக்கூடாது என்று எழுதின சட்டம் எதுவும் இல்லை. அதற்குத் தகுதி பெற வேறு போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும்; அவை நடந்ததோ வெள்ளையர் மட்டுமே நுழையும் கிளப்புகளில். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாமலே வெளியே நிறுத்துகிற வழி இது.

1950-ல் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளையினப் பெண், முன்னாள் சாம்பியன், இந்த அநியாயத்தைக் கண்டித்து ஒரு டென்னிஸ் பத்திரிகையில் எழுதினார். அந்த ஆண்டே ஆல்தியா தேசியப் போட்டியில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. 1956-ல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும். 1957-ல் விம்பிள்டன் கோப்பையை இங்கிலாந்து ராணி கையால் வாங்கினார். ஊர் திரும்பியதும் நியூயார்க் நகரமே ஊர்வலம் வைத்து வரவேற்றது.

புகழ் இருந்தது, பணம்?

இங்கேதான் கவனிக்கணும். அந்தக் காலத்தில் இந்தப் பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது. 1968-ல்தான் அது வந்தது. ஆல்தியா 1958-லேயே அந்தப் போட்டிகளை விட்டு விலகிவிட்டார். பிழைப்புக்காகப் பாடினார், சினிமாவில் நடித்தார், பிறகு கோல்ஃப் ஆடப் போனார். 1964-ல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணும் இவர்தான். அதிலும் பெரிய வருமானம் இல்லை.

1990-களில் நோயில் விழுந்தார். வாடகைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. யாரிடமும் வாய் திறக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் தன்னோடு ஜோடியாக ஆடிய ஏஞ்சலா பக்ஸ்டன் என்ற இங்கிலாந்துத் தோழிக்கு போன் செய்தார். அந்த அம்மா டென்னிஸ் உலகத்துக்கு விஷயத்தைச் சொன்னார். பல நாடுகளிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. சிறுமியாகக் கிளப்பில் சேர்ந்தபோதும் பலர் போட்ட காசு. முதுமையில் பிழைத்ததும் பலர் போட்ட காசு.

2003-ல் ஆல்தியா இறந்தார். ஸ்டாம்பு வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. 2019-ல் நியூயார்க் டென்னிஸ் மைதானத்தில் சிலை. 2025-ல் அமெரிக்க நாணயத்திலும் அவர் உருவம். எல்லாமே நல்ல மரியாதைதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வாடகைக்குக் காசில்லாமல் அவர் உட்கார்ந்திருந்த நாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பாராட்டு வேற, வருமானம் வேற. உழைத்த பெண்ணுக்கு இரண்டுமே உரிமை. அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே.

கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. ஆல்தியாவை வெளியே நிறுத்தியது எது? எழுதப்படாத தடைகள் நம்மைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன?

2. ஆலிஸ் மார்பிள் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மற்றவருக்காக நாம் எப்போது பேசியிருக்கிறோம்?

3. கஷ்டத்தை வெளியில் சொல்லாத உறுப்பினர் நம் குழுவில் இருக்கிறாரா? அவர் கேட்கும் முன்பே நாம் என்ன செய்யலாம்?