கிட்டங்கிவழி வந்த ஆங்கிலம்



தம்பி, வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தாய். சொறிக்கல்முனையில் இருப்பவன் அதற்கு அகராதிவரை போகவேண்டியதில்லை. கல்முனைக்குப் போகும் வழியில், மாரி வந்தால் வெள்ளம் மேவிப் பாயும் கிட்டங்கித் தாம்போதிவரை போனால் போதும்.

கிட்டங்கி என்றால் சரக்குக் கிடக்கும் இடம், பண்டகசாலை. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய இந்தச் சொல்தான் கப்பலேறிப்போய் மலாய்க்காரரிடம் 'கெடோங்' ஆகி, பிறகு ஐரோப்பிய வணிகர் வாயில் 'கோடவுன்' ஆனது என்று அறிஞர் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கீழே இறங்கு' என்று காதில் விழுவது தற்செயல். லண்டனில் வளரும் பிள்ளைக்கு இன்று இந்தச் சொல் புதிர். கொழும்பில் லொறிக்காரருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட சொற்களுக்கென்றே 1886இல் தடித்த அகராதி ஒன்று வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், புத்தகம் அச்சாவதைப் பார்க்காமலே 1882இல் இறந்துபோனார். அகராதியின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்த லட்சணம் அது!

அதில் 'ஷ்ரொஃப்' என்ற சொல்லைத் தேடிப் பார். காசு மாற்றுபவர், வங்கியாளர் என்று பொருள் இருக்கும். வேர் அரபு 'ஸர்ராஃப்'. சம்மாந்துறைப் பக்கம் மத்ரஸாவில் ஓதும் கூட்டாளி இருந்தால் கேள். சொற்கள் உருமாறுவதைப் படிக்கும் 'ஸர்ஃபு' இலக்கணமும் அதே வேரில் முளைத்ததுதான். இங்கிலாந்தில் 'ஷ்ரொஃப்' என்ற சொல்லுக்கு இன்று வேலையில்லை. ஹொங்கொங்கிலோ வாகனத் தரிப்பிடங்களில் காசு கட்டும் இடத்துக்கு இன்னும் அதுதான் பெயர்ப்பலகை. நம் அரச அலுவலகங்களில் காசு வாங்கும் 'சிறாப்பர்' யாரென்று இப்போது விளங்கும்.

அந்த அலுவலகங்களில் மாவட்டச் செயலகத்தைப் பெரியவர்கள் 'கச்சேரி' என்பார்கள். ஹிந்தியிலிருந்து ஆங்கிலேய நிருவாகத்துக்குள் வந்த சொல் அது. சென்னையில் போய்க் கச்சேரி எங்கே என்று கேட்டால் பாட்டுக் கேட்க அனுப்பிவிடுவார்கள்.

எல்லாச் சொல்லும் கிழக்கே பிறந்ததென்று எண்ணிவிடாதே. 'புறொக்டர்' ஆங்கிலத்திலேயே உருவான சொல். 'புரொகுரேட்டர்' என்ற நீண்ட சொல் தேய்ந்து வந்தது. டிக்கன்ஸின் டேவிட் கொப்பர்ஃபீல்ட் பழகப்போன தொழில் அதுதான். அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தொழில் மங்கிவிட்டது. இலங்கையில் 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் வந்த பிறகே புறொக்டரும் அட்வகேற்றும் ஒன்றாகிச் சட்டத்தரணி ஆனார்கள். ஊர்வாயில் புறொக்டர் பிரக்கிராசி, அட்வகேற் அப்புக்காத்து.

வீட்டுப் பெட்டகத்தில் பழைய காணி உறுதி இருந்தால் மெதுவாக விரித்துப் பார். நொத்தாரிசு முதலாகக் கண்ணில் படும் இப்படிப்பட்ட சொற்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுது. எது ஆங்கிலேயர் கொண்டுவந்தது, எது ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று பிரித்து அடுத்த கடிதத்தில் அனுப்பு.