கடைச் சிப்பந்திகளும் கூட்டரசு வேலைச் சட்டமும்

டெங்கில் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கவுன்சில் காரியங்கள் நன்கு தெரியும். லைசென்சு, பெயர்ப்பலகை, சமையல்கட்டின் சுத்தம், சாக்கடை, எலித் தொல்லை ஆகியவற்றுக்கு சிப்பாங் நகராண்மைக் கழகத்து அதிகாரிகள் எப்போது வருவார்கள், எதைப் பார்ப்பார்கள் என்பது பலருக்கு மனப்பாடம். ஆனால் கடையில் நிற்கிற ஆளின் சம்பளம், வேலை நேரம், ஓய்வுநாள், வேலைநீக்கம் ஆகியவை கூட்டரசுச் சட்டத்தில் அடங்கியவை. அச்சட்டத்தை நடத்தும் தொழிலாளர் இலாகாவின் தலைமை அலுவலகமோ பக்கத்திலேயே புத்ராஜெயாவில் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வேலைத்தலத்தில் நுழைந்து பதிவேடுகளைக் கேட்க அவ்விலாகாவுக்கு அதிகாரம் உண்டு.

நம்மவர் வியாபாரம் வாய்ச்சொல்லில் வளர்ந்தது. ஊரிலிருந்து ஒரு பையன் வருவான். சாப்பாடும் படுக்கையும் முதலாளி பொறுப்பு. மாதா மாதம் கொஞ்சம் கையில், மீதி ஊருக்கு. தங்கை கலியாணம் என்றால் முன்பணமாக ஒரு தொகை. இதிலே அன்பும் உண்டு, நாணயமும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தகராறு என்று வந்துவிட்டால் அதிகாரி கேட்பது இரண்டே: காகிதம் எங்கே, காரணம் என்ன? நல்ல முதலாளிகள் பலரும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் புதிதன்று. 1957 ஜூன் 1 முதல் அமலில் இருந்து வருகிறது. தோட்டத்து ஜனங்கள் அதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1954இல் அவர்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தபோது அக்குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு வந்து சேர்ந்தன. செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று கண்டவர்களின் பிள்ளைகள், இன்று நம் கடைகளில் வேலை செய்யும்போது எழுத்தைக் கேட்பதில் வியப்பில்லை.

2023 ஜனவரி 1 முதல் அச்சட்டம் சம்பளம் எவ்வளவாயினும் வேலை ஒப்பந்தத்தின்கீழ் உள்ள எல்லோருக்கும் பொருந்துகிறது. 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்கு ஓவர்டைம் முதலான சில பிரிவுகள் மட்டும் பொருந்தா. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலையானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; எப்படி விலகுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். "எழுதாவிட்டால் நமக்குத்தானே நல்லது, ஆளே நம்முடையவன் இல்லை என்று சொல்லிவிடலாம்" என்பார் சிலர். அந்தக் கதவும் 2023இல் அடைபட்டது. எழுத்து இல்லாதபோது, அவன் வேலை நேரம் உங்கள் கையில் இருந்தால், சாமான்கள் உங்களுடையவையானால், அவன் செய்வது உங்கள் வியாபாரத்தின் அங்கமானால், அவன் உங்கள் சிப்பந்தி என்றே சட்டம் அனுமானிக்கும். கடனைச் சாட்சியோடு எழுதிக்கொள்ளும்படி அல்-பகரா அத்தியாயத்தின் நீண்ட ஆயத்தில் ஏவப்பட்ட சமூகம் நாம். வாடிக்கையாளரின் நாலு வெள்ளிப் பற்றை எழுதுகிறோம். சிப்பந்தியின் நாலு வருஷ வேலையை எழுதுவதில்லை.

இனி நேரக் கணக்கு. வாரத்துக்கு 45 மணி. முன்பு இது 48 ஆக இருந்தது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தால் அரைமணி இளைப்பாற வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் இதுவே. அடிப்படைச் சம்பளம் மட்டுமே இக்கணக்கில் சேரும் என்பதால், "சாப்பாடு போடுகிறோம், இடம் கொடுக்கிறோம்" என்று சொல்லி அதைக் குறைக்க இயலாது. குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு ஆளுக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். பையன் காலை ஏழு மணிக்கு வருகிறான், மாலை ஏழுக்குப் போகிறான். இடையில் சாப்பாட்டுக்கும் தொழுகைக்குமாக ஒன்றரை மணி கழித்தால் வேலை பத்தரை மணி. வாரத்தில் ஆறு நாள். 45ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு ஏழரை மணிதான் சாதாரண வேலை. மீதி மூன்று மணி ஓவர்டைம். 1,700ஐ 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13 வெள்ளி 8 காசு. மாதம் 26 நாள், 78 மணி ஓவர்டைம். தொகை 1,020 வெள்ளி. ஆகவே அந்தப் பையனுக்குச் சேர வேண்டியது 2,720 வெள்ளி. முதலாளி "2,000 கொடுக்கிறேன், சட்டம் கேட்பதற்கு மேல் 300" என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருப்பார். பேசிய சம்பளமே 2,000 என்றும், வேறொன்றும் எழுதவில்லை என்றும் ஆகிவிட்டால் ஓவர்டைம் 1,200க்கு ஏறும். அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று பிரித்து எழுதாததன் விலை இது. மாதத்தில் 104 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கவும் கூடாது.

சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள், பாங்குக் கணக்கு வழியாகச் செலுத்த வேண்டும். ஆளே எழுதிக் கேட்டு, இலாகாவும் அனுமதித்தால்தான் கையில் கொடுக்கலாம். பிடித்தம் என்பதில் நம்மவர் கை தாராளம். உடைந்த கிளாசுக்குப் பிடிப்பது, கல்லாவில் குறைந்த காசைப் பங்கிட்டுப் பிடிப்பது, தாமதமாக வந்ததற்கு அபராதம் போடுவது ஆகியவை சட்டம் அனுமதித்த பிடித்தங்களில் இல்லை. அனுமதித்தவற்றையும் கூட்டி மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

முன்பண விஷயம் சற்று நுட்பமானது. வீடு வாங்குவது போன்று சட்டம் குறிப்பிட்ட காரியங்களுக்கன்றி, முந்திய மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுப்பதே தவறு. கொடுத்ததற்கு வட்டியும் கூடாது. இரக்கத்தால் கொடுத்தது எப்படித் தவறாகும் என்று தோன்றலாம். கடன் பெருகினால் ஆள் கட்டுண்டு போவான் என்பதே சட்டத்தின் அச்சம். "கடன் தீரும்வரை போக முடியாது" என்று ஒருவனை மிரட்டி, வேலையிடத்தைவிட்டுப் போகவொட்டாமல் வேலை வாங்குவது இன்று கட்டாய உழைப்பு என்னும் குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஊர்ப் பையன்களின் பாஸ்போர்ட்டை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டும் பழக்கமும் இத்துடன் சேர்த்து நினைக்கத்தக்கது. "பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தோம்" என்பது நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி குற்றம். தண்டனை ஐந்தாண்டுச் சிறை வரை போகும். பூட்டும் சாவியும் உள்ள சின்னப் பெட்டி ஒன்றை அவனுக்கே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றிலும் நம்மவர் அதிகம் பணம் இழப்பது வேலைநீக்கத்தில். அதற்கு வேறொரு சட்டம், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம். நீக்கப்பட்டவன் 60 நாளைக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம், காசு செலவில்லை. முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் இரு தரப்பாருக்கும் வக்கீல் கிடையாது. சமரசம் ஏற்படாவிட்டால், 2021 முதல் விஷயம் நேரே தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே தோற்றால் பின்சம்பளம் 24 மாதம் வரை கிடைக்கும்; திரும்ப வேலைக்கு எடுக்க முடியாதென்றால் அதற்கு ஈடாக, வேலை பார்த்த வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கம். 2,000 வெள்ளிச் சம்பளத்தில் பத்து வருஷம் இருந்தவனுக்கு 68,000 வெள்ளி வரை போகலாம். அவனுடைய குற்றப் பங்கையும், பிறகு வேறிடத்தில் சம்பாதித்ததையும் கழிப்பார்கள் என்றாலும் சிறு கடைக்கு இது தாங்கும் தொகையா?

நியாயமான காரணமின்றி எவரையும் நீக்கக் கூடாதென்பதே அடிப்படை. "ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டேன், ஒப்பந்தப்படி சரிதானே?" என்ற வாதத்தை 1981இல் ஜே அண்ட் பி கோட்ஸ் கம்பெனி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. பிற்காலத்தில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் விளங்கிய ராஜா அஸ்லான் ஷா அவர்கள் அத்தீர்ப்பை வழங்கினார்கள். நோட்டீசு கொடுத்து நீக்கினாலும் கொடுக்காமல் நீக்கினாலும் காரணத்தை நீதிமன்றம் ஆராயும் என்பது அதன் ஒரு பகுதி. நம்மவர் கவனிக்க வேண்டியது மற்றொரு பகுதி: முதலாளி எந்தக் காரணத்தைச் சொன்னாரோ அதுதான் ஆராயப்படும், நீதிமன்றம் வேறொரு காரணத்தை எடுத்து அதன் இடத்தில் வைக்காது.

இதன் பொருள் என்ன? கல்லாவில் ஒருவன் கை வைத்தான் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி இளகிய மனத்தவர். ஊரில் அவன் தகப்பனார் முகத்தை நினைக்கிறார். பையன் மானம் போக வேண்டாமென்று "வியாபாரம் மந்தம், ஆள் குறைக்கிறோம்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார். பையன் முறையிடுகிறான். இப்போது முதலாளி நிரூபிக்க வேண்டியது வியாபார மந்தத்தை. அவன் போன மறுவாரமே வேறொருவனை வைத்திருப்பார். திருட்டுக் கதையை அப்போது எடுத்தால் பயன் இராது. மானத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் விஷயத்தை வெளியே பரப்பாமல் இருக்கலாம். கடிதத்தில் மட்டும் உண்மைக் காரணமே இருக்க வேண்டும். அடித்துப் பேசி ராஜினாமா எழுதி வாங்குவதும் வேலைநீக்கமாகவே கருதப்படும்.

செய்ய வேண்டிய முறை பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதன்று. பார்த்தவரிடம் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். சிப்பந்திக்குக் குற்றம் இன்னதென்று தேதியோடு எழுதி விளக்கம் கேளுங்கள். அவனுக்கு மலாய் தெரியாவிட்டால் தெரிந்த பாஷையில் வாசித்துக் காட்டுங்கள். விசாரணை நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் அரைச் சம்பளத்தில் நிறுத்தி வைக்கலாம்; குற்றமில்லை என்றானால் மீதி அரையையும் கொடுத்துவிட வேண்டும். பிறகு உள்விசாரணை. இங்கேதான் சின்னக் கடைக்குச் சங்கடம். முதலாளியே புகார்க்காரர், முதலாளியே சாட்சி, முதலாளியே நீதிபதி என்றால் யார் ஒப்புவார்? மைத்துனரை உட்கார வைப்பதும் அழகன்று. பசாரில் சம்பந்தமில்லாத வேறு வியாபாரி ஒருவரை அழைத்து உட்கார வைப்பது நமக்கு நல்ல வழியாகப் படுகிறது. கேள்வியும் பதிலும் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். விசாரணை வைக்காததாலேயே வழக்குத் தோற்றுவிடாது, தொழில் நீதிமன்றம் தானே சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று 1988இல் டிரீம்லாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விசாரணையைக் கேட்கிறது. தவிர, இரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல, அன்று பார்த்த ரொட்டி மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பார்.

சொல்லாமல் இரண்டு வேலைநாளுக்கு மேல் வராதவன் ஒப்பந்தத்தை முறித்தவனாகக் கருதப்படுவான். தக்க காரணமிருந்து தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ அப்படியன்று. ஆகவே கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குக் கடிதம் ஒன்று அனுப்பி, அதன் ரசீதை வைத்துக்கொள்க.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். பொது விடுமுறை ஆண்டுக்கு 11 நாள். வருஷ விடுமுறை வேலைக்காலத்துக்கு ஏற்ப 8, 12, 16 நாள். பிரசவ விடுமுறை 98 நாள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். 2025 அக்டோபர்ச் சம்பளம் முதல் வெளிநாட்டுச் சிப்பந்திகளுக்கும் ஊழியர் சேமநிதி உண்டு; முதலாளி நூற்றுக்கு 2, ஆள் 2. ஆட்களைத் தங்கவைக்கும் இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டாரை அமர்த்துமுன் அவ்விலாகாவின் அனுமதியும் வேண்டும்.

கடையை மூடும்போதும் கைமாற்றும்போதும் பலர் மறப்பது ஒன்று. ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவனை ஆட்குறைப்பில் அனுப்பினால், வருஷத்துக்கு 10 நாள் சம்பளம்; இரண்டாண்டுக்கு மேல் என்றால் 15 நாள், ஐந்தாண்டுக்கு மேல் என்றால் 20 நாள். நோட்டீசுக் காலம் இதற்குப் புறம்பு: இரண்டாண்டுக்குள் 4 வாரம், ஐந்தாண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். கடையைத் தம்பிக்கோ மருமகனுக்கோ எழுதிக் கொடுத்தால், வாங்கியவர் ஏழு நாளைக்குள் பழைய ஆட்களைக் குறையாத நிபந்தனையில் வைத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பணம் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் தலையிலும் விழும். சொன்னதை எழுத்தில் வாங்கி, சம்பளப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். அப்பதிவேடுகளை ஆறு வருஷம் காக்க வேண்டும். கடை கைமாறினாலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.