உலர்ந்த மலர் உரைக்கும் செய்தி

மரத்தினின்று உதிர்ந்து கிடக்கும் மலரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயின், மலர்ந்த நாளும் இடமும் குறித்து, முறைப்படி அழுத்தி உலர்த்திக் காத்த மலரோ நூறாண்டு கழிந்த பின்னும் அறிஞர்க்குச் செய்தி கூற வல்லது. அவ்வாறு உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிவைக்கும் இடத்தை உலர்தாவரக் காப்பகம் என்பர். 16ஆம் நூற்றாண்டில் லூக்கா கினி என்னும் இத்தாலியப் பேராசிரியர் இக்கலையைத் தம் மாணாக்கர்க்குப் பயிற்றுவித்தார். இன்று உலகில் 3,000க்கு மேற்பட்ட காப்பகங்களில் 35 கோடிக்கு மேற்பட்ட தாள்கள் உள்ளன. நம் நாட்டின் சென்னைத் தாவரக் காப்பகமும் அவற்றுள் ஒன்று. பெயர் கேட்டு மயங்கி அதனைச் சென்னையில் தேடுதல் வேண்டா. அது கோயம்புத்தூரில் உள்ளது.

இத்தாள்களுக்கு நேரக்கூடிய கேடுகள் பல. பூச்சி அரிக்கும்; ஈரம் அழிக்கும்; போரும் விட்டுவைப்பதில்லை. 1943ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் இரவு பெர்லின் நகரின்மீது விழுந்த குண்டுகளால் அங்கிருந்த பெருங்காப்பகம் தீக்கிரையாயிற்று. ஒரு செடிக்கு முதன்முதலிற் பெயரிட்டபொழுது சான்றாகக் கொண்ட மூலத்தாள்கள் பலவும் அதனுடன் எரிந்தன. ஆயினும், சிகாகோ நகரத்து ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சார்ந்த மாக்பிரைடு என்பார் 1929ஆம் ஆண்டிலேயே பெர்லினுக்குச் சென்று மூலத்தாள்களைப் படமெடுக்கத் தொடங்கியிருந்தார். எரிந்தவற்றுள் பலவற்றை இன்று அவர் எடுத்த படங்களைக் கொண்டே அறிகிறோம்.

அன்று ஒருவர் அரிதின் முயன்று செய்த பணியை இன்று கணினி பேரளவில் எளிதாக்கியுள்ளது. தாளில் அடையாளக் கோடுகள் ஒட்டி, அளவுகோலும் நிற அட்டையும் அருகே வைத்துப் படமெடுக்கின்றனர். பாரிசு நகரக் காப்பகத்தில் மட்டும் இவ்வாறு 50 இலட்சத்திற்கு மேற்பட்ட தாள்கள் படமாகியுள்ளன. படம் எடுப்பதினும் கடினமானது, தாளின் மூலையிலுள்ள குறிப்பைப் படித்தெழுதுவதே. மங்கிய மையும், புரியாத கையெழுத்தும், பெயர் மாறிய ஊர்களும் படிப்போரைத் திகைக்கச் செய்யும். பாரிசில் இப்பணிக்குப் பொதுமக்களும் கைகொடுத்தனர்.

இக்குறிப்பினால் விளையும் பயன் யாது? பாசுடன் நகரத்து ஆர்னால்டு மரத்தோட்டத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று இதனை விளக்கும். அங்கு முன்னாளில் மலர் கொய்த மரங்கள் பல இன்றும் உயிருடன் நிற்கின்றன. ரிச்சர்டு பிரிமாக்கு என்பாரும் உடன் ஆய்ந்தோரும், 229 செடி மரங்கள் 2003ஆம் ஆண்டிற் பூத்த நாள்களை, 1885 முதல் 2002 வரை அவற்றினின்றே கொய்த 372 உலர்மலர்க் குறிப்புகளுடன் ஒப்பிட்டனர். 1900–1920 காலத்தினும் 1980–2002 காலத்தில் அவை சராசரி 8 நாள் முந்திப் பூத்தமை புலனாயிற்று. இளவேனில் முன்னையினும் வெப்பமுற்றதே இதற்குப் பெருங்காரணம் எனக் கண்டனர். மலரைக் கொய்தவர் எவரும் இதனைக் கருதிக் கொய்யவில்லை என்பது வியப்பன்றோ? ஒரு தோட்டத்திற் செய்த இவ்வாய்வைப் பல நாட்டுச் செடிகளுக்கும் விரித்துச் செய்ய இன்று கணினிப் படங்கள் வழிவகுத்துள்ளன.

எனினும் எச்சரிக்கை வேண்டும். செடி திரட்டியோர் பெரும்பாலும் சாலையோரங்களிலும் சென்றுவர எளிய இடங்களிலுமே திரட்டினர். ஓரிடத்துத் தாள் இல்லாமையால் ஆங்குச் செடியே இல்லை எனத் துணிதல் பிழையாகும்.

படத்தாற் காண இயலாதனவும் உள. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நூற்றாண்டில் நோயுற்ற இலைகள் சில இலண்டனை அடுத்த கியூவிலும் மூனிச்சிலும் காக்கப்பெற்றிருந்தன. 2013ஆம் ஆண்டில் அறிஞர் அவ்விலைகளினின்று நோய்க்கிருமியின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, நெடுநாள் ஐயுற்ற வகை அன்று, வேறொரு வகையே அப்பேரழிவை விளைத்தது எனத் தெளிந்தனர். இதற்கு வேண்டியது இலையின் ஒரு துணுக்கு. படம் அதனைத் தராது. ஆதலின், படமெடுத்து முடிந்த தாள்களும் பூச்சி அணுகாப் பேழைகளில் மீண்டும் வைக்கப்பெறுகின்றன.