ஒரு முழக் கம்பியும் விண்வெளி நிலையமும்

பாடத் தொடர்பு: 9ஆம் வகுப்பு ஒலி, 10ஆம் வகுப்பு ஒலியியல், 11ஆம் வகுப்பு அலைகள், 12ஆம் வகுப்பு மின்காந்த அலைகள். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான செயல்பாடு ஒன்றும் இடையில் உள்ளது.

2025 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த சுபான்ஷு சுக்லா, அமெச்சூர் வானொலி வழியே இந்திய மாணவர்களுடன் பேசினார். அந்தச் செய்தியைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, இடைவேளையில் என்னிடம் வந்து, "சார், அந்தச் சத்தத்தை நம்ம ஊர்ல இருந்து கேக்க முடியுமா?" என்றாள். யோசிக்காமல் "முடியும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

பல அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக் கேட்கும் வானொலிக்கு ஸ்கேனர் என்று பெயர். தனிக் கருவியாக வாங்கினால் விலை அதிகம். மடிக்கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறு கருவி அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்; அது கேட்க மட்டுமே உதவும், அனுப்பாது. அதையும், "அதிசக்தி" என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த பூஸ்டர் ஆன்டெனா ஒன்றையும் வாங்கினேன். பெற்றோர் ஒப்புதலோடு எட்டு மாணவர்கள் ஒரு மாலை என் வீட்டு மாடிக்கு வந்தார்கள்.

நிலையம் வரும் நேரத்தை நாசாவின் செயலியில் பார்த்து வைத்திருந்தோம். சரியாக அந்த நிமிடத்தில் வடமேற்கில் ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்து, தலைக்கு மேலே ஏறி, தென்கிழக்கில் மறைந்தது. பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். மடிக்கணினியில் மட்டும் ஆரம்பம் முதல் முடிவு வரை "ஷ்ஷ்ஷ்" என்ற இரைச்சல்தான். "கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு ஏன் சார் கேக்கல?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சாக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "தெரியல, கண்டுபிடிப்போம்" என்றேன். அடுத்த மூன்று வாரங்கள் அறிவியல் மன்றத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை.

முதல் சந்தேகம் ஆன்டெனா மேல் அல்ல, நிலையத்தின் மேல். அங்கிருந்து எப்போதும் யாரோ பேசிக்கொண்டிருப்பதில்லை. 145.800 மெகா ஹெர்ட்ஸில் பேச்சும் சில நாட்களில் படங்களும் வரும், 145.825 மெகா ஹெர்ட்ஸில் தரவுத் துணுக்குகள் "ப்ர்ர்ர்" என்று வரும். கருவி அணைக்கப்பட்ட நாட்களும் உண்டு. நாங்கள் 145.800-ல் மட்டும் காத்திருந்தோம். அனுப்பாத ஒன்றை எந்த ஆன்டெனாவாலும் பிடிக்க முடியாது. எனவே எப்போதும் ஒலிக்கும் ஒரு நிலையத்தை வைத்து ஆன்டெனாவைச் சோதிப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் மங்கலாகக் கேட்கும் கோடை பண்பலை, 100.5 மெகா ஹெர்ட்ஸ், அதற்கு வாகாக அமைந்தது.

இங்கே கணக்கு வருகிறது. திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். ரேடியோ அலைக்கு இதைச் சுருக்கினால், 300-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145.8-க்கு 2.06 மீட்டர், அதில் கால் பங்கு 51 சென்டிமீட்டர். உண்மைக் கம்பியில் முனை விளைவு இருப்பதால் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்து வெட்டுவது வழக்கம். ஆக 49 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு முழத்தை ஒட்டிய நீளம். 100.5-க்கு இதே வழியில் 71 சென்டிமீட்டர்.

இதைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான். "சார், அன்னைக்கு நீங்க கம்பிய முழுசா இழுத்து விட்டீங்களே?" உண்மைதான். நீளம் கூடினால் சிக்னலும் கூடும் என்ற நினைப்பில் தொலைநோக்கிக் கம்பியைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு இழுத்திருந்தேன். அது இந்த அதிர்வெண்ணுக்கு அரை அலைநீளம். நிலை அலைப் பாடத்தை நினைத்துப் பாருங்கள்: அரை அலைக் கம்பியின் முனையில் மின்னழுத்தம் உச்சத்திலும் மின்னோட்டம் ஏறக்குறைய சுழியிலும் இருக்கும். கேபிளை அந்த முனையில் இணைத்தால் மின்மறுப்பு பொருந்தாது. வந்த ஆற்றலில் பெரும்பகுதி வானொலிக்குள் போகாது. அதே அரை அலைக் கம்பியை நடுவில் வெட்டி, அந்த வெட்டில் கேபிளை இணைத்தால் மின்மறுப்பு 73 ஓம் அளவில் அமையும். இருமுனை ஆன்டெனா என்பது இதுதான். பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் கணுவையும் எதிர்க்கணுவையும் நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டைச் சேர்த்துப் பாருங்கள். கயிற்றை ஆட்டிக் காட்டுவதைவிட மாணவர் மனத்தில் நன்றாக நிற்கிறது.

நீளத்தைச் சரிசெய்தும் கோடை பண்பலை அதிகம் தெளியவில்லை. அடுத்தது இடம். அன்று ஆன்டெனாவை மாடிப்படி அறையின் இரும்பு ஜன்னல் கம்பியில் காந்தத்தால் ஒட்டியிருந்தேன். மேலே கம்பி கட்டிய கான்கிரீட், பக்கத்தில் எல்இடி விளக்கு. கான்கிரீட்டின் இரும்பு வலை சிக்னலைத் தடுக்கும். மலிவான எல்இடி விளக்கின் மின்சுற்று இரைச்சலை உமிழும். விளக்கை அணைத்துப் பாருங்கள், காதுக்கே வித்தியாசம் தெரியும். ஆன்டெனாவை அறையிலிருந்து திறந்த மாடிக்குக் கொண்டுவந்ததில் கிடைத்த முன்னேற்றம், மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தால்கூட வராது என்பது எங்கள் அனுபவம். காசு செலவில்லாத மாற்றமும் அதுதான்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் உள்ள நிலையத்தைக் கேட்க உயரம் முக்கியம். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு தொடுவானத் தூரத்தை மாணவர்களே கண்டுபிடிக்கலாம்: புவி ஆரம் 6371 கிலோமீட்டர் என்று எடுத்தால், 9 மீட்டர் உயர மாடியிலிருந்து தொடுவானம் சுமார் 10.7 கிலோமீட்டர். 2100 மீட்டர் உயரக் கோடை மலையிலிருந்து கணக்கிட்டால் 160 கிலோமீட்டரைத் தாண்டும். ரேடியோ அலை காற்றில் சற்று வளைவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எட்டும். கொடைக்கானல் ஒலிபரப்பு இத்தனை மாவட்டங்களில் கேட்பதன் இரகசியம் இதுதான். விண்வெளி நிலையத்துக்கோ 400 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 2300 கிலோமீட்டர். அதைக் கேட்க நம் கம்பத்தை இன்னும் மூன்று மீட்டர் உயர்த்துவதால் பயன் ஒன்றுமில்லை. சுற்றிலும் திறந்த வானம் இருந்தால் போதும்.

பூஸ்டருக்கு வருவோம். பலரும் ஏமாறும் இடம் இது. பூஸ்டர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, கூடவே வரும் இரைச்சலையும் பெருக்கும். அருகில் வலுவான பண்பலை நிலையம் இருந்தால் அதையும் பெருக்கி வானொலியைத் திணறடிக்கும். கேபிள் நீளமாக இருக்கும்போது ஆன்டெனாவின் அடியிலேயே நல்ல பெருக்கி வைப்பதற்குப் பொருள் உண்டு. கேபிளில் தொலைந்த பிறகு வானொலிப் பக்கத்தில் வைப்பதற்கு இல்லை. நான் வாங்கியது இரண்டாவது வகை. அதைக் கழற்றியதும் நிலையம் தெளிந்தது. 'அதிசக்தி' இப்போது ஆய்வகத்தில் காட்சிப் பொருளாக இருக்கிறது.

கேபிளும் தின்னும். ஆர்ஜி-58 வகைக் கேபிள் 30 மீட்டரில் இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 6 டெசிபல் இழக்கும். 3 டெசிபல் என்றால் பாதி, 6 என்றால் கால் பங்குதான் மிஞ்சும். அதைவிட மெல்லிய கறுப்பு வயர்கள் இன்னும் மோசம். நம் தெருவில் எளிதாகக் கிடைக்கும் டிஷ் கேபிள், அதாவது ஆர்ஜி-6, இதில் பாதிக்கும் குறைவாகவே இழக்கிறது. அது 75 ஓம், வானொலி 50 ஓம் ஆயிற்றே என்று பொறியியல் படித்தவர்கள் கேட்பார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 4 விழுக்காடு அளவே. கேட்பதற்கு அது ஒரு பொருட்டல்ல.

வடிவத் தேர்வு கடைசியில்தான் வருகிறது. நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஆசிரியர்களுக்கு இதில் பாடமே தேவையில்லை. ரூபவாஹினிக்காக மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "வருது, வருது... போச்சு" என்று கத்திய காலம் நினைவிருக்கும். அந்த மீன்முள் வடிவம் யாகி ஆன்டெனா. ஒரே திசையில் உள்ள மங்கலான நிலையத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நகரும் நிலையத்துக்குக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செங்குத்துக் கம்பியும் அடியில் சாய்ந்த நான்கு கம்பிகளும் கொண்ட கால் அலை ஆன்டெனா, நாலா திசையிலிருந்தும் தொடுவானத்தை ஒட்டி வருவதைப் பிடிக்கும். தலைக்கு நேர் மேலே அது ஏறக்குறையச் செவிடு. அன்று நிலையம் தலைக்கு மேலே சென்றதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனருக்கென்றே விற்கப்படும் டிஸ்கோன், பல அதிர்வெண்களைக் கேட்போருக்குச் சரி; எதையும் சிறப்பாகக் கேட்காது. எங்களுக்கு ஏற்றது 'வி' வடிவ இருமுனை. தலா 49 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பிகள், நடுவில் எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கனெக்டர், இடையே 120 பாகைக் கோணம், தரைக்குக் கிடையாக ஒரு பிவிசி குழாயில். இந்த அமைப்பு வானத்தை நோக்கிக் கேட்கும்.

தளவிளைவையும் இதிலேயே காட்டலாம். கோடை பண்பலையைக் கேட்டுக்கொண்டே ஆன்டெனாவைக் கிடையிலிருந்து செங்குத்தாகத் திருப்பினோம்; ஒலித் தெளிவு மாறியது. எந்த நிலை நல்லது என்பது ஒலிபரப்பைப் பொறுத்தது, உங்கள் ஊரில் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்த ஒரே கட்டுப்பாடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதல் நாள் நான் செய்த தவறுகள் நான்கைந்து ஒரே சமயத்தில் கலந்து கிடந்ததால்தான் எது குற்றவாளி என்று தெரியவில்லை.

தொடக்க வகுப்புகளுக்கு: பொத்தான் கைபேசியில் எஃப்எம் கேட்க இயர்போன் செருகச் சொல்வது ஏன் என்று கேளுங்கள். அந்த வயரே ஆன்டெனா. பிறகு சிறு வானொலியை ஒலிக்கவிட்டு, எவர்சில்வர் சம்படத்தில் வைத்து இறுக மூடச் சொல்லுங்கள். நிலையம் காணாமல் போகும். திறந்தால் திரும்பும். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால்? அதைப் பிள்ளைகளே ஊகித்துச் சொல்லட்டும்.

சில எச்சரிக்கைகள். மின்கம்பி செல்லும் பக்கத்தில் ஆன்டெனாக் குழாயைத் தூக்கவே கூடாது. விழுந்தால் எட்டும் தூரத்தில்கூட வேண்டாம். இடி மின்னல் காலத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், வேலை முடிந்ததும் இறக்கிக் கேபிளைப் பிரித்து வைத்துவிடுங்கள். மாணவரைப் பெரியவர் துணையின்றி மாடிக்கு அனுப்பாதீர்கள். அடுத்து, ஸ்கேனர் பிடிப்பதெல்லாம் நாம் கேட்பதற்கல்ல. வானொலி ஒலிபரப்பு, அமெச்சூர் அலைவரிசை இவ்விரண்டுக்கு மேல் தொடுவதில்லை என்று எங்கள் மன்றத்தில் விதி வைத்திருக்கிறோம். காவல்துறை முதலானவற்றின் உரையாடல் பிறருடையது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். திரும்பப் பேச விரும்பும் மாணவருக்கு வழி உண்டு: அமெச்சூர் உரிமத் தேர்வை 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம்.

மூன்றாவது வாரம் அதே எட்டுப் பேர் வந்தார்கள். வானம் மூடியிருந்தது, வெள்ளைப் புள்ளி தெரியவில்லை. 145.825-ல் வைத்திருந்தோம். நேரம் வந்ததும் முதலில் இரைச்சல்தான். அரை நிமிடம் கழிந்து ஒரு "ப்ர்ர்ர்". யாரும் பேசவில்லை. மறுபடி ஒன்று, பிறகு அடுத்தடுத்து. திரையில் அந்தக் கோடு முதலில் குறித்த அதிர்வெண்ணுக்கு மேலே இருந்து, மெல்லக் கீழே இறங்கியது. நிலையம் நெருங்கும்போது 3 கிலோ ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் கூடுதலாகவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் தெரியும் டாப்ளர் விளைவு அது. கேள்வி கேட்ட மாணவி அரை நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் பார்த்து நோட்டில் எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த எண்களை வரைபடத்தாளில் குறித்தோம். சாய்ந்த 'எஸ்' போன்ற வளைவு கிடைத்தது. அதன் இரு முனைகளிலிருந்தும் நிலையத்தின் வேகத்தைக் கணக்கிட முயன்றபோது விடை நொடிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. உண்மை வேகம் 7.66. ஏன் குறைகிறது என்ற கேள்வியைப் பத்தாம் வகுப்புக்கு விட்டிருக்கிறேன். இப்போது பழைய இன்ச் டேப் தகடுகளை வெட்டி, பிவிசி குழாயில் பூட்டி, மூன்று உறுப்பு யாகி ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள். கம்பியின் நீளத்தை இந்த முறை என்னை அளக்க விடவில்லை.