கோழிக் கொட்டகையின் பெரிய விசிறிகள்: இறக்கையைக் கவனியுங்கள்

நாமக்கல், பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் பக்கங்கள் அடைத்த கோழிக் கொட்டகைகள் பெருகியுள்ளன. ஒரு முனையில் தண்ணீர் இறங்கும் பேடுகள், மறுமுனையில் வரிசையாக 50 அங்குல விசிறிகள். சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு இக்கொட்டகையிலுள்ள கோழிகளின் உயிர் அந்த விசிறிகளை நம்பியே உள்ளது. கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியும், மேலே படும் காற்றினாலும்தான் அது உடல் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. காற்று குறைந்தால், விற்பனைக்குத் தயாராக நிற்கும் கனத்த கோழிகளே முதலில் சாகின்றன. அந்த நேரத்தில் பண்ணையாளர் மனதில் தோன்றுவது, இன்னும் இரண்டு விசிறி வாங்கிப் போடலாம் என்பதுதான். அதற்காகக் கடன் வாங்கும் முன், இருக்கின்ற விசிறிகள் தர வேண்டிய காற்றைத் தருகின்றனவா என்று பார்ப்பது நன்று.

ஒரு சிறு கணக்கு. கொட்டகை 40 அடி அகலம், 8 அடி உயரம் எனில் குறுக்குப் பரப்பு 320 சதுர அடி. வளர்ந்த கறிக்கோழிக்குக் கோடையில் நிமிடத்திற்கு 500 அடி வேகத்தில் காற்று வீச வேண்டுமானால், நிமிடத்திற்கு 1,60,000 கன அடி காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு விசிறி 20,000 கன அடி தள்ளினால் எட்டு விசிறிகள் போதும். ஒவ்வொன்றும் 15 சதவீதம் குறைத்துத் தள்ளினால் இழப்பு 24,000 கன அடி. அதாவது ஒரு முழு விசிறிக்கு மேல் இல்லாமற் போனதற்குச் சமம். எட்டும் சுற்றிக்கொண்டிருப்பதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

விசிறியின் இறக்கை காற்றை எவ்வாறு தள்ளுகிறது? ஓடும் பேருந்தில் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்கு இது தெரியும் (நீட்டக் கூடாது என்பது வேறு). உள்ளங்கையைச் சற்றே சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும். மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு நிலையில் தூக்குவது நின்று, கை பின்னுக்குத் தள்ளப்படும். இறக்கையும் இப்படித்தான். அளவான சாய்வில் காற்று அதன் முதுகைத் தழுவிச் செல்கிறது. சாய்வு மிகுந்தால் முதுகை விட்டு விலகிச் சுழல்கிறது. அப்போது மோட்டார் உழைப்பது சுழலுக்குத்தான், கோழிக்கு அல்ல.

இறக்கை முறுக்கியிருப்பதன் காரணமும் இதுவே. 50 அங்குல விசிறி நிமிடத்திற்கு 420 சுற்றுச் சுற்றும்போது, இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுப்பகுதியின் வேகம் அதில் பாதிதான். எனவே நுனி படுத்தும், அடி நிமிர்ந்தும் இருந்தால்தான் நெடுகிலும் காற்று அளவான சாய்வில் வந்து படும். கீழே விழுந்து வளைந்த இறக்கையைப் பட்டறையில் தட்டி நேராக்கினால், பார்வைக்கு நன்றாக இருக்கும், முறுக்கு போய்விடும். அத்தகைய இறக்கையை மாற்றிவிடுவதே சரி.

விசிறியைத் தொடும் முன் ஒன்றை மறக்கலாகாது. இவ்விசிறிகள் வெப்பநிலைக் கருவியின் கட்டளைப்படி தாமாகவே ஓடத் தொடங்குபவை. நின்றிருக்கிறதே என்று கை வைத்தல் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் இறக்கைச் சக்கரம் சரியான பக்கம் மாட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பேரிங் மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிடுவது உண்டு. சுழலும் திசை மாறாதவரை காற்று வெளிப்பக்கமாகவே போகும். அதனால் தவறு பிடிபடாது. அளவு மட்டும் குறைந்துவிடும். இறக்கையின் குழிந்த பக்கம், காற்று வெளியேறும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரில் கம்பி இடம் மாறிச் சுழற்சியே தலைகீழானால், காற்று வெளியேறாமல் உள்ளே வரும். இதைக் கையை வைத்தே கண்டுகொள்ளலாம்.

அடுத்து, நுனிக்கும் சுற்று வளையத்திற்கும் உள்ள இடைவெளி. விசிறிக்கு வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. ஆகவே தள்ளிய காற்றில் ஒரு பகுதி இந்த இடைவெளி வழியே திரும்பி வரப் பார்க்கும். விட்டத்தில் ஒரு சதவீதம், அதாவது 50 அங்குல விசிறிக்கு அரை அங்குலம் என்பதை மேல் வரம்பாகக் கொள்ளலாம். அதற்கும் குறைவாக இருந்தால் மேலும் நன்று. இறக்கையைக் கையால் சுற்றி நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் உரசுவதுபோலவும் மறுபக்கம் முக்கால் அங்குலமும் இருந்தால், வளையம் நசுங்கியிருக்கிறது அல்லது தண்டு நடுவிலிருந்து விலகியிருக்கிறது.

அழுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோழி இறகும் தூசியும் இறக்கையின் முன் விளிம்பில் படிந்து மேடிட்டால், காற்று தழுவிச் செல்லாது. ஷட்டர் தகடுகளில் படிந்தாலோ அவை பாதிதான் திறக்கும். அழுக்கேறிய ஷட்டர் மட்டுமே விசிறியின் காற்றில் கால் பங்கைக் கூடக் குறைத்துவிடும். பேடுகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டாலும் விசிறி இழுக்க முடியாமல் திணறும். அந்நிலையில் கூடுதல் விசிறி போடுவது, அடைத்த குழாயில் இரண்டாவது பம்பு வைப்பது போன்றதே.

பெல்ட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தேய்ந்த பெல்ட் அறுந்துவிடாமலே ஏமாற்றும். மோட்டார் புல்லி 75 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, பெல்ட் தேய்ந்து பள்ளத்தில் 3 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது என வைத்துக்கொள்வோம். அங்கே விட்டம் 69 ஆகிவிடுகிறது. பெரிய புல்லியிலும் இறங்குமென்றாலும் அங்கே அதன் விளைவு சிறிது. 420 சுற்றுச் சுற்றிய விசிறி சுமார் 396 சுற்றுக்கு வந்துவிடும். சுற்று ஆறு சதவீதம் குறைந்தால் காற்றும் ஆறு சதவீதம் குறையும். ஆகவே கோடைக்கு முன் பெல்ட்டை மாற்றுங்கள். புல்லியின் பள்ளமே தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கு வேறு. காற்று சுற்றுக்கு நேர் விகிதத்தில் மாறும். மோட்டார் இழுக்கும் திறனோ சுற்றின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறும். 80 சதவீதச் சுற்றில் தேவைப்படும் திறன் ஏறக்குறைய பாதிதான். மார்கழி, தை மாதங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் விசிறிகளை மெதுவாக ஓட்டி மிச்சம் பிடிக்கலாம். ஆயினும் ஷட்டர் திறக்காத அளவுக்கு வேகத்தைக் குறைத்தல் கூடாது. இதே கணக்கு மறுபுறமும் கடிக்கும். காற்றைக் கூட்டுவதாக எண்ணிப் பெரிய மோட்டார் புல்லியைப் போட்டுச் சுற்றைப் பத்துச் சதவீதம் உயர்த்தினால், மோட்டாரின் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும். நல்ல வெயிலில் இத்தகைய மோட்டார்களின் காயில் கருகிவிடக்கூடும்.

சில விசிறிகளில் இறக்கையின் சாய்வை மாற்ற வசதி உண்டு. மாற்றினால் எல்லா இறக்கைகளையும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். சட்டத்தில் ஓர் அளவுகோலை நிலையாகக் கட்டி, ஒவ்வொரு இறக்கையையும் அதன் எதிரே கொண்டுவந்து விளிம்பின் தூரத்தை ஒப்பிடுங்கள். பிறகு கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரைப் பார்த்து, மோட்டார் தகட்டில் பொறித்துள்ளதைத் தாண்டாமல் நிறுத்துங்கள். சாய்வைக் கூட்டியும் ஆம்பியர் மட்டும் ஏறிக் காற்று ஏறாவிட்டால், பழைய சாய்வுக்கே திரும்புவது மேல்.

இவ்வளவும் செய்த பிறகும் காற்று போதவில்லையெனில், விசிறியின் வெளிப்பக்கம் கூம்பு பொருத்தலாம். வேகமாக வெளியேறும் காற்று கூம்பில் மெல்ல விரிவதால் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி மீள்கிறது. நன்கு அமைந்த கூம்பு ஏறக்குறைய பத்துச் சதவீதம் கூடுதல் காற்றைத் தரும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பண்ணை விசிறிகளைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் உள்ளது. அங்கே ஒரு வாட் மின்சாரத்திற்கு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று என்று அளந்து வெளியிடுகிறார்கள். அந்த எண்ணையே விற்பவரிடம் கேளுங்கள். எந்த அழுத்தத்தில் அளந்தது என்பதையும் கேளுங்கள். பேடும் ஷட்டரும் இல்லாத திறந்த வெளியில் அளந்த எண் உங்கள் கொட்டகைக்கு உதவாது. ஒரே அழுத்தத்தில், 20,000 கன அடி தரும் இரு விசிறிகளில் ஒன்று வாட்டுக்கு 16, மற்றொன்று 20 எனில், முதலாவது 1,250 வாட்டும் இரண்டாவது 1,000 வாட்டும் இழுக்கும். எட்டு விசிறிகள் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், வேறுபாடு நாளொன்றுக்கு 24 யூனிட்.