விதைக் கிடங்கின் கூரையும் வெயிலும்

கூட்டுறவுச் சங்கங்கள் சில, அங்கத்தினர்க்கு வழங்கவேண்டிய நெல், பயறு முதலிய விதைகளைக் கோடை முழுவதும் தகரக் கூரையிட்ட கிடங்கில் வைத்திருப்பதுண்டு. விதை நன்கு உலர்ந்து பூச்சியற்றிருந்தும் ஆடிப்பட்டத்தில் முளைப்பு குறைந்து காணுமாயின், அக்கூரையையும் ஐயுறுதல் தகும். விதை உயிருள்ள பொருள். கிடங்கின் உஷ்ணம் 5 டிகிரி சென்டிகிரேடு உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு.

வெப்பம் செல்லும் வழிகள் மூன்று. சட்டியிலிட்ட இரும்புக் கரண்டியின் காம்பு சுடுதல் கடத்தல். அடுப்பின்மேல் சூடான காற்று எழும்புதல் சலனம். அடுப்பினெதிரே அமர்ந்தவன் முகம் காய்தல் கதிர்வீசல். தகரக் கிடங்கில் இம்மூன்றும் நிகழ்கின்றன.

கோடையில் நண்பகல் வெயில் சதுர மீட்டர் ஒன்றிற்குச் சுமார் 1,000 வாட் ஆற்றலைப் பொழிகின்றது. 100 சதுர மீட்டர் கூரையின்மேல் 1,000 வாட் மின்னடுப்புகள் நூறு எரிவதற்கு இது ஒப்பாகும். துருவேறிய தகடு அதிற் பெரும்பகுதியை உட்கொண்டு 60 டிகிரிக்கு மேலும் காய்வதுண்டு. தகடோ மிக மெல்லியது. இரும்போ சுட்ட மண்ணைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின் மேற்புறச் சூடு உடனே அடிப்புறம் வந்து, மேலடுக்கு மூட்டைகளின்மீது நேரே கதிராக வீசுகின்றது. மின்விசிறி மாட்டுவதாற் பயனில்லை. விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் குளிரச் செய்யாது. மனிதனுக்கு வியர்வை உலர்வதாற் குளிர்ச்சி தோன்றும். நெல் மூட்டைக்கு வியர்வை ஏது?

தமிழ் நாட்டில் சித்திரை மாதத்து நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்பதால், சுவரைவிடக் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கின்றது. எனவே சங்கத்தின் பணம் முதலிற் கூரைக்கே செல்லுதல் முறை. வெண்மையான பரப்பு வெயிலிற் பெரும்பகுதியைத் திருப்பி விடும். செங்கல் தளமாயின் சுண்ணாம்பே போதும். வழவழப்பான தகட்டிற் சுண்ணாம்பு நிலைத்து நில்லாது; தகட்டிற்கென விற்கப்படும் வெண்பூச்சே ஏற்றது. விலை சற்று அதிகந்தான். தூசு படிந்தாற் பயன் குன்றுமாதலால், பங்குனியிற் கூரையை ஒருமுறை கழுவுதல் வேண்டும். தகரத்தின்மேற் கீற்றுப் பரப்புவதும் வெயிலை நன்கு தடுக்கும்; ஆனால் எலியும் தீப்பொறியும் விதைக் கிடங்கிற்கு ஆகா.

இதனோடு, கூரைக்கு ஒரு முழம் கீழே பலகையாலேனும் மூங்கிற் பாயாலேனும் உட்கூரை அமைத்து, இடைவெளியின் இருபுறமும் உச்சிச் சுவரிற் கம்பிவலையிட்ட துவாரங்கள் விடலாம். கதிர் மூட்டையிற் படாது. சூடான காற்றும் வெளியேறும். ஐப்பசி, கார்த்திகையில் இத்துவாரங்களை அடைத்தல் அவசியம். ஈரக்காற்று விதைக்கு வெயிலினும் கொடிய பகை.

பூச்சு வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, மேலடுக்கு மூட்டையில் ஓர் உஷ்ணமானியும், வெளியே நிழலில் மற்றொன்றும் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டையும் நாள்தோறும் குறித்து வருக. வேலை முடிந்தபின்னும் ஒரு வாரம் அவ்வாறே குறித்து, இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு குறைந்ததென்று செலவுக் கணக்குடன் மகாசபைக் கூட்டத்தில் வைத்தல் நலம்.